பூட்டை யார் பரிசோதித்தது? தனிக் கோப்புகளை மறைகுறியாக்கும் மென்பொருட்களின் சிறு வரலாறு

1883இல், பாரிஸில் மொழி கற்பித்துக்கொண்டிருந்த ஓகுஸ்த் கெர்க்ஹொஃப்ஸ் என்பவர் ஓர் இராணுவச் சஞ்சிகையில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். ஆள் பிறப்பால் டச்சுக்காரர். துறை மொழியியல். எங்கட பாஷையில் சொன்னால் கலைப்பீடத்து ஆள். போர்க்காலத்தில் அனுப்பப்படும் இரகசியச் செய்திகளுக்கு அவர் சில விதிகளை வகுத்தார். அவற்றில் ஒன்று இன்றைக்கும் நிலைத்து நிற்கிறது. ஒரு மறைமுறை எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்கு முழுதாகத் தெரிந்தாலும் பாதகம் வரக்கூடாது. திறப்பு மட்டும் இரகசியமாக இருந்தால் போதும்.

இந்த விதியை இப்போது தூசு தட்டி எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இறுதியாண்டு ஆய்வுக்காக எங்களில் கனபேர் ஊர்களுக்குப் போய் மனிதர்களின் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்கிறோம். காணி இழந்தவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார், தோட்டத்து வேலையில் பட்ட பாட்டைச் சொல்லும் பெண்கள். “உங்கட பெயர் வெளியில வராது அம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் ரெக்கோடரைப் போடுகிறோம். அதன் பிறகு அந்தக் குரல் எங்கே இருக்கிறது? வீட்டில் மூன்று பேர் பாவிக்கும் லப்டொப்பில். பிரின்ற் எடுக்கிற கடையில் செருகிய பென்ட்ரைவில். திருத்தக் கொடுத்த கடையின் மேசையில். லப்டொப்பைத் திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல் மட்டும் இதைக் காப்பாற்றாது. டிஸ்க் மறைகுறியாக்கப்படாமல் இருந்தால், அதைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தி எல்லாவற்றையும் வாசித்துவிடலாம்.

ஆகவே கோப்பையே பூட்ட வேண்டும். அந்த வேலைக்கு மறைகுறியாக்கம் என்று பெயர். வழக்கில் ‘என்கிரிப்ட் பண்றது’. எந்த மென்பொருளைப் போடுவது என்ற கேள்வி நண்பர்கள் மத்தியில் அடிக்கடி வருகிறது. ஒரு பெயரைச் சொல்லிக் கதையை முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பெயர் ஐந்து வருடத்தில் மாறிவிடும். எப்படித் தெரிவு செய்வது என்பதை விளங்கிக்கொள்ள, கடந்த ஐம்பது வருடங்களில் எந்தப் பூட்டுகள் ஏன் உடைந்தன என்று பார்ப்பது உதவும்.

56 பிட் திறப்பு

1970களின் தொடக்கம் வரை வலுவான மறைகுறியாக்கம் பெரும்பாலும் இராணுவங்களிடமும் உளவு நிறுவனங்களிடமுமே இருந்தது. வங்கிகள் கணினிக்கு மாறத் தொடங்கியபோது பொதுவான ஒரு முறை தேவைப்பட்டது. ஐபிஎம் நிறுவனம் ஒன்றை உருவாக்கியது. அமெரிக்க அரசு அதை டிஈஎஸ் என்ற பெயரில் 1977இல் தன் நியமமாக ஏற்றுக்கொண்டது.

இடையில் ஒன்று நடந்தது. ஐபிஎம்மின் முந்தைய வடிவம் ஒன்றில் திறப்பின் நீளம் 128 பிட். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏயின் ஈடுபாட்டோடு வெளியில் வந்த டிஈஎஸ்ஸில் அது 56 பிட். பிட் ஒன்று குறைந்தால் முயன்றுபார்க்க வேண்டிய திறப்புகளின் எண்ணிக்கை பாதியாகும். அப்படிப் பார்த்தால் இது சின்ன வித்தியாசம் இல்லை. விற்ஃபீல்ட் டிஃபீ, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் 1977இலேயே எச்சரித்தார்கள்: இரண்டு கோடி டொலர் செலவழித்து ஓர் இயந்திரம் கட்டினால் ஒரே நாளில் திறப்பைக் கண்டுபிடிக்கலாம். அரசு அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

1998இல் இஎஃப்எஃப் என்ற உரிமைகள் அமைப்பு அந்த இயந்திரத்தை உண்மையாகவே கட்டிக் காட்டியது. செலவு இரண்டரை இலட்சம் டொலருக்கும் குறைவு. எடுத்த நேரம் 56 மணித்தியாலம். அடுத்த வருடமே, இன்ரநெற்றில் சேர்ந்த ஆயிரக்கணக்கான கணினிகளின் துணையோடு அது ஒரு நாளுக்கும் குறைந்தது.

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. டிஈஎஸ்ஸின் உள்ளே இருந்த சில அட்டவணைகளை என்எஸ்ஏ இரகசியமாகக் கெடுத்துவிட்டது என்று கனகாலம் சந்தேகித்தார்கள். 1990களில் வெளியான விபரங்கள் அதற்கு நேர்மாறாக இருந்தன. வெளியுலகம் அப்போது அறிந்திராத ஒரு தாக்குதலுக்கு எதிராக அந்த அட்டவணைகள் பலப்படுத்தப்பட்டிருந்தன. பிரச்சினை என்னவென்றால், நல்லது செய்தார்களா கெட்டது செய்தார்களா என்பதைக்கூட இருபது வருடமாக யாராலும் உறுதியாகச் சொல்ல ஏலவில்லை. வேலை மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தால் சந்தேகத்துக்கும் நம்பிக்கைக்கும் ஆதாரம் ஒன்றுதான்: ஊகம்.

அடுத்த நியமத்தை உருவாக்கும்போது வழி மாறியது. 1997இல் திறந்த போட்டி அறிவிக்கப்பட்டது. 15 முறைகள் போட்டியிட்டன. உலகம் முழுக்க இருந்த ஆய்வாளர்கள் ஒருவர் முறையை மற்றவர் உடைக்கப் பார்த்தார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமென், வின்சென்ட் ரைமென் இருவரின் முறை தேறியது. 2001இல் அது ஏஈஎஸ் என்ற நியமமானது. இன்று நீங்கள் வட்சப்பில் அனுப்பும் செய்தியும் வங்கிக்குள் நுழையும் இணைப்பும் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. கெர்க்ஹொஃப்ஸ் வாத்தியார் சொன்னது 118 வருடத்துக்குப் பிறகு அரச நடைமுறையானது.

சாதாரண ஆளின் கையில் பூட்டு

நியமம் இருந்தால் போதுமா? வீட்டுக் கணினியில் ஓடுகிற ஒரு மென்பொருள் வேண்டுமே. அதைச் செய்தவர் ஃபில் ஸிமர்மன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருந்த மென்பொருள் எழுத்தாளர், அணுவாயுத எதிர்ப்புச் செயற்பாட்டாளர். 1991இல் அமெரிக்க செனற்றில் ஒரு சட்டமூலம் வந்தது. தொடர்பாடல் சேவை வழங்குபவர்கள், அரசு கேட்டால் செய்திகளைத் திறந்து கொடுக்கக்கூடியதாகத் தங்கள் கருவிகளை வைத்திருக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. அது நிறைவேறுமுன் மக்கள் கையில் ஒரு கருவி போய்ச் சேர வேண்டும் என்று ஸிமர்மன் அவசரப்பட்டார். வீட்டுக் கடன் தவணைகளைத் தவறவிட்டு, இருந்து எழுதி, 1991 ஜூனில் பிஜிபி என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். மின்னஞ்சலுக்கென்றுதான் அது பேர்போனது. ஆனால் வட்டில் இருக்கும் ஒரு தனிக் கோப்பை ஒரு கடவுத்தொடரால் பூட்டி வைக்கவும் அதில் வழி இருந்தது.

முதல் பதிப்பில் ஸிமர்மன் தானே வடிவமைத்த ஒரு மறைமுறையைப் போட்டிருந்தார். அதே வருடம் ஒரு மாநாட்டில் எலி பிஹாம் என்ற இஸ்ரேலிய ஆய்வாளரிடம் அதைக் காட்டினார். சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே பிஹாம் அதன் ஓட்டைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஸிமர்மன் மல்லுக்கட்டவில்லை. 1992இல் வந்த இரண்டாம் பதிப்பில் தன் முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றவர்கள் பரிசோதித்த ஒன்றை வைத்தார். “எங்கட சொந்தக் கண்டுபிடிப்பு, யாராலும் உடைக்க ஏலாது” என்று விளம்பரம் செய்யும் எந்த மென்பொருளையும் பார்க்கும்போது இந்தச் சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்கச் சட்டத்தின்படி வலுவான மறைகுறியாக்கம் ஆயுதங்களின் பட்டியலில் இருந்தது. பிஜிபி இன்ரநெற் வழியாக நாடு கடந்துவிட்டதால், ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று 1993 முதல் ஸிமர்மன் மீது குற்றவியல் விசாரணை நடந்தது. பதிலுக்கு நடந்தது சுவாரசியமானது. 1995இல் எம்ஐரி பல்கலைக்கழகப் பதிப்பகம் பிஜிபியின் மூலநிரலை முழுதாக அச்சடித்துப் புத்தகமாக விற்றது. மென்பொருளை ஏற்றுமதி செய்தால் குற்றம். புத்தகத்தை எப்படித் தடுப்பது? 1996 தொடக்கத்தில் வழக்குப் போடாமலேயே விசாரணை கைவிடப்பட்டது.

இதை யார் பாவித்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பர்மிய எல்லைக் காடுகளில் இருந்த எதிர்ப்புக் குழுக்கள் பிஜிபியைப் பழகியதைப் பற்றி ஸிமர்மன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதற்கு முன், பிடிபட்ட ஆவணங்களில் இருந்த பெயர்களால் முழுக் குடும்பங்களே சிறைக்கும் சித்திரவதைக்கும் போயிருக்கின்றன. ஒரு பட்டியல் பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது இந்த நாட்டில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விடயமில்லை.

பூட்டுப் போலத் தெரிந்தவை

பிஜிபி பழகக் கொஞ்சம் கஷ்டம். பெரும்பாலானோர் கைக்கு எட்டியதைப் பாவித்தார்கள்.

முதலாவது ஸிப். கோப்பைச் சுருக்கும்போது கடவுச்சொல்லும் போடலாம். 1994இல், அதே எலி பிஹாமும் போல் கோச்சர் என்பவரும் ஸிப்பின் பழைய மறைமுறை பலவீனமானது என்று நிறுவினார்கள். பூட்டிய கோப்பின் ஒரு சிறு பகுதி என்னவென்று தெரிந்தாலே போதும். கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் உள்ளே போய்விடலாம். முப்பது வருடம் கடந்தும் பல மென்பொருட்கள் இந்தப் பழைய முறையை வைத்திருக்கின்றன.

இரண்டாவது வேர்ட். ஓஃபிஸ் 97 முதல் 2003 வரை ‘டொக்’ கோப்புகளுக்குக் கடவுச்சொல் போட்டால், வழமையாகப் பாவிக்கப்பட்டது 40 பிட் திறப்பு. அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தின் நிழல் அது. 40 பிட் என்றால் எல்லாத் திறப்புகளையும் ஒவ்வொன்றாக முயன்றுபார்த்துத் திறந்துவிடலாம். ஓஃபிஸ் 2007இலிருந்து வந்த ‘டொக்எக்ஸ்’ வடிவத்தில் ஏஈஎஸ் வந்தபிறகு நிலைமை மாறியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எக்செலில் ஒரு தாளை ‘புரொடெக்ட்’ பண்ணுவது மறைகுறியாக்கம் இல்லை. கை தவறி மாற்றுவதைத் தடுப்பதற்கான வசதி அது. அவ்வளவுதான்.

மூன்றாவது, வின்டோஸ் 2000உடன் வந்த இஎஃப்எஸ். கோப்பில் வலது கிளிக் செய்து ஒரு பெட்டியில் புள்ளடி போட்டால் பூட்டிவிடும். மறைமுறை பரவாயில்லை, வேலை செய்யும் விதத்தில்தான் சிக்கல். திறப்பு உங்கள் வின்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். கணக்கைத் திறந்துவைத்துவிட்டு எழும்பிப் போனால் கோப்பும் திறந்தபடிதான். முன்பெல்லாம் சாதாரண பென்ட்ரைவுக்குப் பிரதி எடுத்தால் பூட்டுக் கழன்றுவிடும். திறப்பை முன்கூட்டியே வேறிடத்தில் சேமிக்காமல் டிஸ்க்கை அழித்து வின்டோஸைப் புதிதாகப் போட்டால், சொந்தக்காரருக்கே கோப்பு இல்லை. வீட்டுப் பாவனைக்கான ‘ஹோம்’ பதிப்புகளில் இந்த வசதியே கிடையாது.

பெயரை நம்பலாமா?

பேர்போன கம்பனியின் பொருள், நடுநிலை நாட்டுத் தயாரிப்பு என்றெல்லாம் சொல்லுவினம். சுவிற்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி கம்பனியின் கதையை அதற்கு முன் வைக்கலாம். பல பத்தாண்டுகளாக 120க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மறைகுறியாக்க இயந்திரங்களை விற்ற கம்பனி அது. இந்தியாவும் பாகிஸ்தானும்கூட வாடிக்கையாளர்கள். 1970 முதல் அதன் இரகசிய உரிமையாளர்கள் அமெரிக்காவின் சிஐஏயும் மேற்கு ஜேர்மனியின் உளவு நிறுவனமும்தான் என்பது 2020 பெப்ரவரியில் பத்திரிகைகள் வழியாக முழுதாக வெளிவந்தது. தாங்கள் திறக்கக்கூடிய பூட்டுகளையே அவர்கள் விற்றிருந்தார்கள். அரசாங்கங்களே ஏமாந்த இடத்தில், கம்பனியின் பெயரை வைத்து நாங்கள் எதைத் தீர்மானிப்பது?

எதிர்ப்பக்கத்தில் ட்ரூகிரிப்ட் இருக்கிறது. 2004இல் வந்தது. செய்தவர்கள் தங்கள் பெயரை வெளியிடவேயில்லை. ஆனால் மூலநிரல் திறந்திருந்தது. ஒவ்வொரு கோப்பாகப் பூட்டாமல், பல கோப்புகளை உள்ளே போடக்கூடிய ஒரு பூட்டிய பெட்டியை அது உருவாக்கும். 2008இல் பிரேசிலில் ஒரு வங்கியாளரிடமிருந்து கைப்பற்றிய டிஸ்க்குகளை அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு வருடம் முயன்றும் திறக்க முடியாமல் திருப்பி அனுப்பியது. பூட்டுக்குப் பணக்காரர், ஏழை, நல்லவர், கெட்டவர் என்ற பேதம் தெரியாது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

2014 மே 28 அன்று ட்ரூகிரிப்ட்டின் பக்கத்தில் திடீரென்று ஓர் அறிவிப்பு வந்தது: இது பாதுகாப்பானதல்ல, வேறொன்றுக்கு மாறுங்கள். காரணம் தெளிவாகச் சொல்லப்படவில்லை. உலகம் முழுக்கப் பதற்றம். நிரல் திறந்திருந்தபடியால் ஒரு வழி இருந்தது. பொதுமக்கள் சேர்த்த பணத்தில் ஏற்கனவே தொடங்கியிருந்த சுயாதீனப் பரிசோதனை 2015இல் முடிந்தது. சில குறைகள் அகப்பட்டன. வேண்டுமென்றே வைத்த பின்கதவு எதுவும் அகப்படவில்லை. அதே நிரலிலிருந்து பிரான்சில் வெராகிரிப்ட் வளர்ந்தது. 2016இல் அதையும் பரிசோதித்தார்கள். பாரதூரமான பிழைகள் சில கண்டுபிடிக்கப்பட்டன, அவற்றில் பெரும்பாலானவை உடனே திருத்தப்பட்டன. செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், செய்தவர் கைவிட்டுப் போனாலும், பொருளைப் பரிசோதிக்க முடிந்தது. கிரிப்டோ ஏஜியில் நேர்மாறு: செய்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், உள்ளே இருந்தது வாங்கியவர்களுக்குத் தெரியாது.

திறந்த நிரல் தானாகக் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். பிஜிபியின் சுதந்திர வடிவமான ஜிபிஜியை 1997இலிருந்து ஜேர்மனியின் வேர்னர் கோக் எழுதிவருகிறார். உலகம் முழுக்கப் பத்திரிகையாளர்கள் பாவிக்கும் அந்தக் கருவியை அவர் கையில் காசில்லாமல் கிட்டத்தட்டத் தனியாளாகப் பராமரித்துக்கொண்டிருந்தார் என்று 2015இல் செய்தி வந்த பிறகுதான் உதவி குவிந்தது. யாராவது பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தால் ஒருவரும் பார்க்காமல் போகவும் கூடும்.

அப்ப எதை எடுக்கிறது?

இந்த வரலாறு எங்களிடம் நாலு கேள்விகளைத் தருகிறது. மறைமுறை பகிரங்கமாகப் பரிசோதிக்கப்பட்டதா? மென்பொருளின் நிரல் திறந்திருக்கிறதா? இப்போதும் யாராவது பராமரிக்கிறார்களா? செய்த ஆள் நாளை காணாமல் போனாலும் என் கோப்பை என்னால் திறக்க முடியுமா?

ஒன்றிரண்டு கோப்புகளைப் பூட்டுவதற்கு, இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் எங்கள் தெரிவு 7-ஸிப். ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் பவ்லோவ் 1999இலிருந்து இலவசமாக வெளியிடுவது, நிரல் திறந்தது. ‘7ஸெட்’ வடிவத்தைத் தெரிவு செய்து கடவுச்சொல் போட்டால் ஏஈஎஸ்-256. கோப்புகளின் பெயர்களையும் மறைக்கும் புள்ளடியை மறக்காமல் போடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போகாமலே “இன்ன அம்மாவின் நேர்காணல்” என்று பெயரை வாசித்துவிடலாம். ஸிப் வடிவத்தில் பூட்டுவதென்றால் பழைய முறையை விட்டுவிட்டு ஏஈஎஸ்-256ஐத் தெரிவு செய்யுங்கள். கட்டளை வரிக்குப் பயமில்லாதவர்களுக்கு ஜிபிஜி இருக்கிறது. ஒலிப்பதிவுகள், படங்கள், எழுத்துப்பிரதிகள் என்று ஒரு முழு ஆய்வே இருந்தால் வெராகிரிப்ட் பெட்டி வசதி. மூன்றும் இலவசம். ஆகவே க்ரக் பண்ணின பிரதி தேடி கடைக்குப் போகத் தேவையில்லை. அவரவர் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

பூட்டிவிட்டால் மூலக் கோப்பு எங்கே? அது அப்படியே பழைய இடத்தில் கிடக்கும். அழித்தால் குப்பைத்தொட்டியில் கிடக்கும். வேர்ட் தானாகச் சேமித்த பிரதி ஒன்று இருக்கும். வட்சப்பில் நண்பருக்கு அனுப்பியது ஒன்று, கிளவுட்டில் ஏறியது ஒன்று. தொட்டியைக் காலி செய்தாலும் மீட்டெடுக்கும் மென்பொருட்கள் உண்டு. அதனால் நேர்காணலை முதலிலேயே வெராகிரிப்ட் பெட்டிக்குள் சேமித்து, உள்ளே வைத்தே எழுதுவது நல்ல பழக்கம்.

திறப்பைப் பற்றியும் ஒரு சொல். ஏஈஎஸ்ஸை உடைக்க யாரும் மினக்கெடப் போவதில்லை. உங்கள் பிறந்த திகதியைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். 1995இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் டைஸ்வெயார் என்ற எளிய வழியைச் சொன்னார். தாயக்கட்டையை ஐந்து தரம் உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுப்பது. அப்படி ஆறு சொற்கள் எடுத்தால் ஊகிக்க ஏலாத கடவுத்தொடர் ஒன்று கிடைக்கும். மனதில் நிற்கும் தேவார வரியோ சினிமாப் பாட்டோ வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த பாட்டு மற்றவர்களுக்கும் தெரியும்.

இங்கே ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற பொத்தான் கிடையாது. மறந்தால் போனதுதான். இடம்பெயர்ந்த காலத்தில் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் ஷொப்பிங் பாக்கில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்த பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். ஓர் ஆவணம் தொலைவது என்றால் என்னவென்று எங்கட வீடுகளுக்குத் தெரியும். அதனால் கடவுத்தொடரைத் தாளில் எழுதி, லப்டொப் இல்லாத வேறோர் இடத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பூட்டிய கோப்பின் இரண்டாவது பிரதி வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு எல்லை இருக்கிறது. கடவுச்சொல்லைச் சொல்லு என்று ஒருவரை இருத்தி வைத்து வற்புறுத்தினால் எந்த மென்பொருளும் குறுக்கே வந்து நிற்காது. அதனால் பூட்டுவதற்கு முன்னரே யோசிக்க வேண்டியது, எதைப் பதிவு செய்வது என்பது. ஆய்வுக்குத் தேவைப்படாத பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் எதையும் முதலிலேயே எழுதாமல் விடலாம். எழுதாத பெயரை யாராலும் எடுக்க முடியாது. மிச்சத்தைப் பூட்டுவதற்கு, பல வருடமாகப் பலரும் உடைக்க முயன்று நின்றுபிடித்த கருவிகள் இலவசமாகவே கிடக்கின்றன. அடுத்த நேர்காணலுக்குப் போகுமுன் ஒன்றை இறக்கிப் பழகிவிட்டுப் போவோம்.